வெண்பனியும் வீட்டுக் குப்பையும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில், அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் குடியிருக்கும் என் தமக்கையாருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் ஊரில் வெண்பனி கொட்டி ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. வாசலில் குப்பை சேர்ந்து கிடக்கிறது, எடுப்பதற்கு ஆள் வரவில்லை என்றார். "பனியில் வண்டி வர முடியவில்லையா, அக்கா?" என்று கேட்டேன். "வண்டி வராமல் என்னடா? நாளைக்கு நாலு தடவை வருகிறது. குப்பை எடுக்கத்தான் வருவதில்லை. அதே வண்டியின் மூக்கில் ஓர் இரும்புத் தகட்டைப் பூட்டிப் பனியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஓட்டுகிறவரும் அதே ஆள்தான். என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போகிறார்" என்றார்.

இந்தச் செய்தி என் மனத்தைவிட்டு அகலவில்லை. பருவம் கெட்டால் குப்பை நிற்பது இயல்புதான். டில்லியில் ஜனவரி மூடுபனி இறங்கும் நாட்களில், ஏழு மணிக்குக் கேட்க வேண்டிய கூடேவாலாவின் குரல் பத்து மணிக்குக் கேட்கிறது. சிம்லாவிலும் ஸ்ரீநகரிலும் உத்தியோகம் பார்த்த நம்மவர் இதைவிடக் கடுமையான காலைகளை அறிந்திருப்பார்கள். ஆனால் குப்பை அள்ளும் கைகளையே பனி அள்ளவும் ஏவியது யார்? எக்காலத்தில்? அதனால் விளைந்தது என்ன? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் போனால், நியூயார்க் மாநகரத்தின் சரித்திரத்தில் ஒரு முழு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பகுதி கண்முன்னே விரிகிறது. அந்நகரத்து ஆட்சியாளர் சிலரது கீர்த்தியும் அபகீர்த்தியும் வாசற்படியில் கிடந்த குப்பையாலும் வீதியில் கிடந்த பனியாலும் நிர்ணயிக்கப்பட்டிருக்கின்றன.

மேலே செல்லுமுன் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்டவனுக்கு இது மன்னிக்கத்தக்க பலவீனம். புல் நுனியில் நிற்பதும் நமக்குப் பனி. வயலை மூடுவதும் பனி. இமயத்தின் உச்சியில் இருப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவத்தையே இரண்டாக வகுத்த நம் முன்னோர், வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுந்து முழங்கால் அளவு குவியும் பொருளுக்குத் தனிப்பெயர் வைக்கத் தேவை நேரவில்லை. ஆகையால் விழுவதை வெண்பனி என்றும், தரையில் இறுகுவதைப் பனிக்கட்டி என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். குப்பை எடுப்பவருக்கு இவ்விரண்டும் வெவ்வேறு பகைவர்கள். வெண்பனி குப்பையை மறைக்கும். பனிக்கட்டியோ அதைத் தொட்டியோடு தொட்டியாய் ஒட்டவைக்கும். ஈரமான சமையற் கழிவு இரவில் உறைந்துவிட்டால், தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடித்தாலும் உள்ளிருப்பது எளிதில் கீழே விழாது.

1881ஆம் ஆண்டு வரையில் நியூயார்க்கின் தெருக்களைச் சுத்தம் செய்யும் பொறுப்பு போலீஸ் இலாகாவிடம் இருந்தது. அவ்வாண்டில்தான் தெருத் துப்புரவுக்கென்று தனி இலாகா அமைந்தது. பெயர் மாறியதே தவிர நிலைமை அதிகம் மாறவில்லை. டாமனி ஹால் என்று பெயர் பெற்ற கட்சி அமைப்பு நகரசபையைத் தன் கைக்குள் வைத்திருந்த காலம் அது. துடைப்பம் பிடிக்கும் வேலைக்கும் கட்சிக்காரரின் சிபாரிசு வேண்டும். சிபாரிசில் வந்தவர் பெருக்கினாரா என்று கேட்பார் இல்லை. நகரத்திலோ ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகள் இருந்தன. அவற்றின் சாணமும், வீடுகளின் சாம்பலும், சமையற் கழிவும் ஒன்றாய்க் கலந்து தெருவில் கிடந்தன.

இந்நிலையில் 1888ஆம் ஆண்டு மார்ச் மாதம் வந்தது. நம் கணக்கில் மாசியும் பங்குனியும் சேரும் நாட்கள், பின்பனிக்காலம். அங்கே வசந்தம் நெருங்கிவிட்டதென்று ஜனங்கள் நம்பியிருந்தார்கள். 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. நள்ளிரவு கடந்ததும் மழை வெண்பனியாக மாறியது. 12ஆம் தேதி விடிந்தபோது நகரம் காணாமற் போயிருந்தது என்றே சொல்லலாம். அளவுகோலில் 21 அங்குலம் என்றாலும், புயற்காற்று அதை வாரி எறிந்த இடங்களில் வீடுகளின் முதல் மாடி வரை பனி ஏறியது. தந்திக் கம்பிகள் அறுந்தன. இரும்புத் தூண்களின்மேல் ஓடிய ரயில்கள் நடுவழியில் நின்றன. அவற்றில் அகப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களைக் கீழே இறக்க ஏணியுடன் வந்தவர்கள், தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டுதான் ஏணியைச் சாய்த்தார்கள். நியூயார்க் நகரத்தில் மட்டும் சுமார் 200 பேர் இறந்தனர்.

பெரிய மனிதர்களின் துன்பத்தைப் பத்திரிகைகள் எழுதிவைத்தன. செனட்டராக இருந்த ராஸ்கோ காங்க்ளிங், அலுவலகத்திலிருந்து பனியில் நடந்தே வீடு திரும்ப முயன்று, அதன் விளைவாக நோயுற்று அடுத்த மாதம் மாண்டார். வாயில்லா ஜீவன்களின் வதையைத் தடுக்கச் சங்கம் கண்ட ஹென்றி பெர்க், புயல் வீசிய அதே 12ஆம் தேதி காலமானார். டிராம் பாதைகளில் பனியைக் கரைக்க உப்பைத் தூவினால் குதிரைகளின் கால்கள் உப்புச் சேற்றில் நைந்துபோகின்றன என்று வாதாடியது அச்சங்கம். பனியை அகற்றுவதில் எவருடைய துன்பத்தைக் கணக்கில் சேர்ப்பது என்ற வழக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

அந்தப் புயலுக்குப் பின் கம்பிகள் நிலத்தடிக்குப் போயின. ரயிலும் 1904இல் நிலத்தடியில் ஓடலாயிற்று. இவற்றைப் பாடப்புத்தகங்கள் கூறும். பனி உருகியபோது வெளிவந்ததைப் பற்றி அவை அதிகம் கூறுவதில்லை. கூலிக்கு ஆள்பிடித்து, வண்டி வண்டியாகப் பனியை அள்ளி ஆற்றில் கொட்டினார்கள். சில இடங்களில் தெருவிலேயே நெருப்பு மூட்டி உருக்கினார்கள். அவ்வாறு பனி கரையக் கரைய, அதனடியில் புதைந்து கிடந்த சாம்பலும் கழிவும் மீண்டும் கண்ணுக்கும் மூக்குக்கும் வந்து சேர்ந்தன. பனி குப்பையைத் தின்றுவிடுவதில்லை. வட்டியில்லாமல் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தருகிறது.

சாம்பல் என்று சொன்னேன். அதைச் சற்று விளக்க வேண்டும். இன்று குளிர்நாட்டு வீடுகளில் கணப்பு எரிவாயுவாலோ மின்சாரத்தாலோ நடைபெறுகிறது. அக்காலத்தில் நிலக்கரி. குளிர் எவ்வளவு கடுமையோ அவ்வளவு கரி. கரி எவ்வளவோ அதற்கேற்ற சாம்பல். வண்டிகள் வரமுடியாமல் நிற்கும் அதே நாட்களில்தான் ஒவ்வொரு வீட்டிலும் குப்பையின் பாரம் பெருகும். சில வேளைகளில் சாம்பலுக்குள் கங்கு அணையாமல் இருந்து வண்டியிலேயே தீப்பிடிப்பதுண்டு. ஆனால் அதே சாம்பல் உதவியும் செய்தது. உறைந்த நடைபாதையில் ஒரு கூடை சாம்பலைத் தூவினால் கால் வழுக்காது. இவ்விதம் எடுக்கப்படாத குப்பையின் ஒரு பகுதி, குப்பை எடுப்பவர் வருவதற்கு வழி செய்து கொடுத்தது. வாசல்தோறும் நின்ற சாம்பல் தொட்டி அந்நகரத்தின் அடையாளமாகவே ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழைத் தெருக்களை வரைந்த நியூயார்க் ஓவியர் கூட்டத்துக்குச் சாம்பல் தொட்டிக் குழு என்று ஏளனமாகச் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது.

1894ஆம் ஆண்டு நவம்பரில் டாமனி ஹால் தோற்று, வில்லியம் ஸ்ட்ராங் மேயரானார். துப்புரவு இலாகாவின் தலைமையை அவர் முதலில் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு அளிக்க முன்வந்தார். பின்னாளில் அமெரிக்காவின் ஜனாதிபதியான அதே ரூஸ்வெல்ட்தான். அவர் அதை மறுத்துப் பின்னர் போலீஸ் நிர்வாகத்தை ஏற்றார். குப்பை வந்து சேர்ந்தது கர்னல் ஜார்ஜ் வேரிங் என்பவரிடம்.

வேரிங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். 1833இல் பிறந்தவர். விவசாயம் கற்றவர். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்கா அமைந்தபோது அதன் வடிகால் வேலையைச் செய்தவர். உள்நாட்டுப் போரில் குதிரைப்படையின் கர்னல். தென்பகுதியிலுள்ள மெம்பிஸ் நகரத்தில் 1878இல் மஞ்சள் காய்ச்சல் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன பிறகு, அந்நகரத்துக்குப் புதிய சாக்கடை அமைப்பை வகுத்துக் கொடுத்தவரும் இவரே. மெம்பிஸ் என்ற பெயரை நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகிறேன். மீண்டும் அங்கே போக நேரும்.

1895ஆம் ஆண்டு ஜனவரி நடுவில், நம் ஊரில் போகிக்கும் பொங்கலுக்கும் பழையதைக் கழித்து வீட்டை வெள்ளையடிக்கும் பருவத்தில், வேரிங் பதவி ஏற்றார். குளிர்காலத்தின் மத்தி. பணப்புழக்கம் முறிந்த 1893ஆம் ஆண்டின் நெருக்கடி தீராமல் ஆயிரக்கணக்கானோர் வேலையின்றி நின்ற காலம். வெண்பனி விழுந்தால் செல்வர் முகம் சுளித்தனர். வேலையற்றவர்களோ மண்வெட்டி கொடுக்கும் இடத்தில் வரிசையில் நின்றனர். அவர்களுக்கு அது வானத்திலிருந்து விழுந்த கூலி.

வேரிங் செய்தவற்றுள் முதன்மையானது சிபாரிசை ஒழித்தது. வேலை செய்கிறவன் இருக்கலாம், செய்யாதவன் போகலாம். எந்தக் கட்சிக்கு வாக்களித்தான் என்பது தமக்குத் தேவையில்லை என்றார். அடுத்து, துப்புரவுத் தொழிலாளர்களுக்கு வெள்ளைச் சீருடையும், நம் நாட்டில் வெள்ளைக்காரத் துரைகள் அணிந்தது போன்ற தொப்பியும் கொடுத்தார். அழுக்கு வேலைக்கு வெள்ளை உடையா என்று ஊரே சிரித்தது. அவருடைய நோக்கமோ வேறு. வெள்ளை உடை வைத்தியனுக்கு உரியது. நகரத்தின் நோயைத் தடுப்பவனும் வைத்தியனே என்பதை ஜனங்கள் கண்ணால் காண வேண்டும் என்றெண்ணினார். 1896இல் அத்தொழிலாளர் அணிவகுத்து நகரத்தின் பெரிய வீதியில் சென்றபோது, சிரித்தவர்களே கைதட்டினார்கள். வெள்ளைச் சிறகுகள் என்ற செல்லப்பெயரும் வந்தது.

வீட்டார் கடமையையும் அவர் விட்டுவைக்கவில்லை. சமையற் கழிவு ஒரு பாத்திரத்தில், சாம்பல் ஒன்றில், காகிதமும் கந்தையும் மற்றொன்றில் என்று மூன்றாகப் பிரித்து வைக்கச் சொன்னார். இன்று நம் நகரங்களில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று அறிவிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கர்னலின் நினைவு வருகிறது.

வேரிங்கின் வெற்றியைக் காட்டுவதற்கு இரு புகைப்படங்களை அடுத்தடுத்து அச்சிடுவது வழக்கம். மார்ட்டன் தெரு என்ற ஒரே இடம். 1893 மார்ச் மாதப் படத்தில் குப்பையும் பனிச் சேறும் நடக்க இடமின்றிக் கிடக்கின்றன. 1895 மே மாதப் படத்தில் தெரு துடைத்து வைத்த வெங்கல விளக்குப்போல் இருக்கிறது. வேரிங்கிடம் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆயினும் குளிர்காலத்தின் இறுதியையும் வசந்தத்தின் நடுவையும் ஒப்பிட்டுக் காட்டியது முற்றும் நியாயமான சாட்சியமன்று. மே மாதத்தில் எந்தத் தெருவும் சற்றே நல்ல தெருவாகத்தான் இருக்கும். துப்புரவு நிர்வாகத்தின் திறமையை அளக்க வேண்டுமானால் மார்ச்சையும் மார்ச்சையும் ஒப்பிட வேண்டும்.

டாமனி ஹால் 1897ஆம் ஆண்டுத் தேர்தலில் திரும்பி வந்தது, வேரிங் விலகினார். அடுத்த ஆண்டில் கியூபாவின் ஹவானா நகரத்துச் சுகாதார நிலையை ஆராய அவரை அனுப்பினார்கள். அங்கே மஞ்சள் காய்ச்சல் பற்றி, நியூயார்க் திரும்பி, அக்டோபர் 29ஆம் தேதி இறந்தார். மெம்பிஸில் எந்த நோயை எதிர்த்துப் பெயர் பெற்றாரோ அதே நோய்.

அதற்குப்பின் வந்த ஆண்டுகளை விரைவாகக் கடப்போம். 1898இல் புரூக்ளினும் குவீன்ஸும் நியூயார்க்கோடு இணைந்தன. புரூக்ளினின் சாம்பல் ரயிலேற்றி குவீன்ஸில் உள்ள கொரோனா என்னும் சதுப்பு நிலத்தில் கொட்டப்பட்டு மலையாக உயர்ந்தது. 1925இல் வெளியான 'தி கிரேட் காட்ஸ்பி' நாவலில் வரும் சாம்பல் பள்ளத்தாக்கு இதுதான். பின்னர் அம்மேட்டைச் சமன்செய்து 1939இல் உலகக் கண்காட்சி நடத்தினார்கள். கண்காட்சிக்கென எழுப்பிய மண்டபம் ஒன்றில் 1946 முதல் 1950 வரை ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை கூடியது. சுதந்தரம் பெற்ற புதிதில் நம் நாட்டுப் பிரதிநிதிகள் அமர்ந்து பேசியதும் புரூக்ளின் அடுப்புகளின் சாம்பல்மேல்தான்.

1929இல் துப்புரவு இலாகா சுகாதார இலாகா என்ற புதுப்பெயர் பெற்றது. மோட்டார் லாரிகள் குதிரைகளை அகற்றின. லாரியின் முன்னே ஒரு வளைந்த தகட்டைப் பூட்டினால் அதே வண்டி பனி தள்ளும் வண்டியாகிவிடும். அத்தகட்டை ஆங்கிலத்தில் கலப்பை என்றே அழைக்கிறார்கள். நம் உழவர் கேட்டால் நகைப்பார்கள். ஆயினும் பெயர் அதுதான். ஆண்டில் சில நாட்களே தேவைப்படும் பனி வேலைக்குத் தனியாக வண்டிகளும் ஆட்களும் வைப்பது பணவிரயம். ஒவ்வொரு தெருவையும், சந்தையும், திருப்பத்தையும் நன்கறிந்தவர்கள் குப்பை எடுப்பவர்களே. ஆகவே கணக்கு எளிதாக முடிந்தது. வெண்பனி விழத் தொடங்கியதும், தொழிலாளர் இரு பிரிவாகப் பிரிந்து பன்னிரண்டு மணி நேர முறையில் பனி தள்ளுவார்கள், பின் சக்கரங்களில் சங்கிலி சுற்றப்படும், குப்பை காத்திருக்கும். என் தமக்கையார் வாசலில் கண்ட காட்சியின் மூலம் இதுவே.

எளிதான கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. பனியைத் தள்ளும் வண்டி அதைத் தெருவின் ஓரத்துக்குத்தான் தள்ளும். குப்பை வைத்திருப்பதும் அதே ஓரத்தில்தான். ஒரு கை செய்த வேலை மறு கைக்குத் தடையாகிறது. இரண்டும் ஒருவருடைய கைகளே. 1947 டிசம்பர் 26ஆம் தேதி, முன்னறிவிப்பு ஏதுமின்றி 26 அங்குலத்துக்கு மேல் பனி விழுந்தபோது, 1888ஐயும் மிஞ்சிய அந்தப் பாரத்தை நகரம் ஒருவாறு தாங்கிக்கொண்டது. தாங்க முடியாமற் போன கதை அடுத்த தலைமுறையில் நடந்தது.

அப்போது மேயர் ஜான் லிண்ட்சே. இளமையும் அழகும் நாவன்மையும் உடையவர். 1968 பிப்ரவரி 2ஆம் தேதி சுகாதார இலாகாவின் தொழிலாளர் சுமார் பதினாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். நாளொன்றுக்குப் பதினாயிரம் டன் வீதம் ஒன்பது நாட்கள் குப்பை குவிந்தது. சங்கத் தலைவர் ஜான் டிலூரி சிறைக்குப் போனார். படையை அனுப்புமாறு லிண்ட்சே கேட்டார். மாநில ஆளுநர் நெல்சன் ராக்பெல்லர் மறுத்தார். குளிர் இருந்தபடியால் நாற்றம் மட்டுப்பட்டது என்பதொன்றே ஜனங்களுக்கு ஆறுதல்.

அதே பிப்ரவரி மாதம் முதல் தேதி, வேரிங் சாக்கடை வகுத்த மெம்பிஸ் நகரத்தில், குப்பை லாரியில் வேலை செய்த இரு கறுப்பினத் தொழிலாளர் மழைக்கு ஒதுங்க வேறிடமின்றி லாரியின் பின்பகுதிக்குள் ஒண்டினார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் எதிர்பாராமல் இயங்கி இருவரையும் கொன்றது. பருவம் கெட்டால் கறுப்பினத் தொழிலாளரைக் கூலியின்றி வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் அங்கே இருந்தது. 12ஆம் தேதி சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினர். 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்குத் துணையாக மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கவிருந்த மார்ச் 22ஆம் தேதி ஊர்வலம், அந்தத் தென்னகரத்தில் அபூர்வமாக விழுந்த 16 அங்குலப் பனியால் தள்ளிப்போயிற்று. அவர் மறுபடியும் வந்தார். ஏப்ரல் 4ஆம் தேதி அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வைத்தியனுக்குரிய வெள்ளையுடையைக் குப்பை எடுப்பவனுக்கு அணிவித்த கர்னல் கட்டிய சாக்கடையின் மேலே, அதே தொழில் செய்தவர்கள் தாங்கள் மனிதர்கள் என்பதை அட்டையில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில், இவ்வளவு எளிய ஒரு வாக்கியம் இவ்வளவு கனமாக இருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நியூயார்க்குக்குத் திரும்புவோம். ஓராண்டு கழித்து, 1969 பிப்ரவரி 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. தை மாதக் கடைசி. பெரும்பாலும் மழைதான் என்று எதிர்பார்த்திருந்தார்கள், விழுந்ததோ பனி. மன்ஹாட்டனில் 15 அங்குலம், குவீன்ஸின் சில பகுதிகளில் 20. பனி தள்ளும் சாதனங்களில் சுமார் பத்துக்கு நான்கு பழுதாகிக் கிடந்தன. மன்ஹாட்டனின் பெரிய வீதிகள் விரைவில் கறுப்பாயின. குவீன்ஸின் தெருக்கள் நாட்கணக்கில் வெள்ளையாகவே இருந்தன. நகரத்தில் 42 பேர் இறந்தனர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் குவீன்ஸைச் சேர்ந்தவர்கள்.

குவீன்ஸின் கியூ கார்டன்ஸ் பகுதியில் ரால்ஃப் பஞ்ச் வசித்தார். 1950இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். ஐக்கிய நாடுகளின் துணைப் பொதுச் செயலர். பாலஸ்தீனத்தில் போர்நிறுத்தம் செய்வித்த அப்பெரியவர், தம் தெருவின் பனியை அகற்றுவிக்க இயலாமல் மேயருக்குத் தந்தி அடித்தார். பஸ் இல்லை, டாக்ஸி இல்லை, பாலும் பத்திரிகையும் வரவில்லை, வெள்ளிக்கிழமைக்குப் பின் குப்பையும் எடுக்கப்படவில்லை, கடைகளின் அலமாரிகள் காலி, தாம் ஆல்ப்ஸ் மலையில் இருந்தாலும் இதே நிலைதான் என்பது அதன் கருத்து. ஐ.நா. மன்றத்தின் அதிகாரிக்கே இந்தக் கதி என்றால் பெயரில்லாதவர் கதியை ஊகிக்கலாம். லிண்ட்சே தமது பெரிய காரில் குவீன்ஸுக்குப் புறப்பட்டார். கார் பனியில் மாட்டிக்கொண்டது. வேறு வண்டியில் ஏறிப் போனார். போன இடமெல்லாம் ஜனங்கள் கூச்சலிட்டு அவரை வைதார்கள். ஜூன் மாதத்தில் தம் கட்சியின் வேட்பாளர் தேர்வில் அவர் தோற்றார். நவம்பரில் வேறொரு கட்சியின் சார்பில் நின்று மேயர் பதவியைக் காப்பாற்றிக்கொண்டார் எனினும், அந்தப் பனியின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

குவீன்ஸ்வாசிகளின் கோபம் பனியைப் பற்றியது மட்டுமன்று. மன்ஹாட்டனுக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதியா என்பதே அவர்கள் கேள்வி. வீதிகளை முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று வகுத்து, பெரியவற்றைச் சுத்தம் செய்த பிறகே முட்டுச்சந்துகளுக்கு வருவது வழக்கம். நிர்வாகத்தின் பார்வையில் இது முற்றும் சரியே. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போகப் பெரிய வீதி வேண்டும். மூன்றாம் தரத் தெருவில் குடியிருப்பவர் பார்வையிலோ, தாமே மூன்றாம் தரம் என்று எழுதி வைத்தாற்போல் இருக்கிறது. அந்த குவீன்ஸில்தான் பின்னாளில் நம்மவர் பெருகினார்கள். ஐக்கிய நாடுகளின் உத்தியோகஸ்தராயிருந்த அழகப்பா அழகப்பன் முதலியோரின் முயற்சியால் பிளஷிங் பகுதியில் எழுந்த விநாயகர் கோயிலின் கும்பாபிஷேகம் 1977 ஜூலை 4ஆம் தேதி நடைபெற்றது. குடமுழுக்குக்கு ஜூலையைத் தேர்ந்தது அவ்வூரை அறிந்தவர்களின் விவேகம் என்று எனக்குத் தோன்றும்.

சிகாகோவில் தண்டனை இன்னும் கடுமையாக இருந்தது. 1979 ஜனவரி நடுவில் சுமார் 20 அங்குலப் பனி விழுந்தது. அங்கே குப்பைத் தொட்டிகள் வீடுகளின் பின்புறச் சந்துகளில் இருப்பவை. சந்துகள் கடைசியில்தான் திறக்கும். மேயர் மைக்கேல் பிலாண்டிக் எல்லாம் சீராகிவிட்டதென்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜனங்கள் தம் வாசலைப் பார்த்துவிட்டு, பிப்ரவரி 27ஆம் தேதி கட்சித் தேர்வில் ஜேன் பர்ன் என்னும் அம்மையாரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிகாகோவின் முதல் பெண் மேயர் அவர்.

நியூயார்க்கில் 2010 டிசம்பர் 26ஆம் தேதி மறுபடியும் 20 அங்குலம் விழுந்தது. ஆம்புலன்ஸுகள் நூற்றுக்கு மேல் பனியில் அகப்பட்டன. குப்பை எடுப்பது ஒரு வாரம் நின்று, 2011 ஜனவரி 3ஆம் தேதி திங்கட்கிழமைதான் மீண்டும் தொடங்கியது. இம்முறை பழி எங்கே விழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஆட்குறைப்பில் வெறுப்புற்ற தொழிலாளர் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்தார்கள் என்ற வதந்தி நகரமெங்கும் பரவிற்று. இரவும் பகலும் உறைந்த காற்றில் வண்டி ஓட்டியவர்களைத் தெருவில் பார்த்து ஏசியவர்களும் உண்டு. நகரத்தின் விசாரணைப் பிரிவு 2011 ஜூன் மாதத்தில் தன் அறிக்கையை வெளியிட்டது. திட்டமிட்ட வேலைத்தாமதம் எதற்கும் ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. வதந்தி பரவ ஒரு நாள் போதும். அது பொய்யென்று தெரியவர ஐந்து மாதங்களுக்கு மேலாயிற்று.

அதன்பின் வண்டிகளில் இருப்பிடங்காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டன. வீதிகளின் மூன்று தரங்களும் மாறிப் புதிய பிரிவுகள் வந்தன. குப்பையை வைக்கும் முறையிலும் ஒரு விசித்திரமான சுற்று நிறைவேறியது. 1968 வேலைநிறுத்தத்துக்குப் பின், 1971 முதல், உலோகத் தொட்டிக்குப் பதிலாக பிளாஸ்டிக் பைகளில் குப்பையை வெளியே வைக்க நகரம் அனுமதித்தது. பை இலேசானது, சத்தமில்லாதது, உறைந்து ஒட்டிக்கொள்ளும் தொல்லை இல்லாதது. ஆனால் பனி மூடினால் பை இருக்குமிடம் தெரியாது; எலிக்கு மட்டும் தெரியும். அரைநூற்றாண்டுக்குப் பின், 2024 நவம்பர் முதல், ஒன்பது குடித்தனங்கள் வரையுள்ள வீடுகள் மூடியுள்ள தொட்டியில்தான் குப்பையை வைக்க வேண்டும் என்ற விதி வந்துள்ளது.

இதைத் தமக்கையாரிடம் சொன்னேன். அவர் ஊரில் முன்பே தொட்டிதானாம். "பனி வருமென்று ரேடியோவில் சொன்னவுடனே தொட்டியை வாசலுக்கு எடுத்துப் போகமாட்டேன், பின்கட்டிலேயே வைத்துவிடுவேன். அந்த மனிதர் பனி தள்ளி முடித்துத் தூங்கி எழுந்து வர மூன்று நாள் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு என்ன?" என்றார்.